ஆக்சிஜன் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்? ஒரு பூஜ்யம் போதும்

சேலத்தில் ரெஸ்பிரேட்டரி தெரபி (சுவாச சிகிச்சை) படிக்கிறவர்களுக்கு: 10 லிட்டர் கொள்ளளவுள்ள பி வகை சிலிண்டர் என்றால், கேஜ் (அழுத்தமானி) காட்டும் கிலோ அழுத்தத்தின் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ) பின்னால் ஒரு பூஜ்யம் போடுங்கள். அதுதான் உள்ளே இருக்கும் ஆக்சிஜன், லிட்டரில். அதை ஃப்ளோமீட்டர் (நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று காட்டும் கருவி) அளவால் வகுத்தால் நிமிடக் கணக்கு வந்துவிடும். கேஜ் 150 என்றால் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் போனால் 300 நிமிடம்.

எல்லாம் பாயில் விதிதான்: வெப்பநிலை மாறாவிட்டால், அழுத்தம் குறையக் குறைய வாயு அதே விகிதத்தில் விரியும். ஒரு கிலோ அழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் என்பதால், அழுத்தத்தைக் கொள்ளளவால் பெருக்கினால் வெளியே வரும் வாயுவின் அளவு கிடைக்கிறது. கொள்ளளவு சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய டி வகைக்குச் சுமார் 46ஆல் பெருக்க வேண்டும். அமெரிக்கப் பாடநூல்களில் வரும் 0.28, 3.14 என்ற பெருக்கு எண்கள் பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) கேஜுக்கும் அவர்கள் ஊர் சிலிண்டருக்கும் உரியவை. நம் வார்டில் அவற்றைப் போட்டால் விடை தப்பும்.

ஏற்காட்டிலிருந்து நோயாளியை 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கொண்டுவரும்போது இந்தக் கணக்கு உயிர் காக்கும். பி வகையில் கேஜ் 60, ஃப்ளோ 10 என்றால் சரியாக ஒரு மணி நேரம். அதில் கையிருப்பாக 20 கிலோவைக் கழித்தால் 40 நிமிடம்தான். அதை நம்பிக் கிளம்பவே கூடாது, இன்னொரு சிலிண்டர் ஏற்றுங்கள்.

நைட்ரஸ் ஆக்சைடு, திரவ ஆக்சிஜன் டேங்க் இரண்டுக்கும் இது பொருந்தாது. உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தத்தை வைத்து மிச்சத்தைச் சொல்ல முடியாது. வெண்டிலேட்டர் மாட்டியிருந்தால் அது தனக்காக இழுக்கும் வாயுவையும் சேர்த்துத்தான் வகுக்க வேண்டும்.