ஸ்டெட்ஃபாஸ்ட்: இதில் வேகம் இல்லை

ஸ்டெட்ஃபாஸ்ட் என்ற சொல்லில் 'ஃபாஸ்ட்' இருப்பதால் ஏதோ வேகம் சம்பந்தப்பட்டது என்று நிறைய பேர் நினைத்துவிடுகிறார்கள், உண்மையில் நேரெதிர். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டெட்' என்றால் இடம், 'ஃபாஸ்ட்' என்றால் இறுகப் பதிந்தது. ஆக, கொண்ட பற்றிலும் எடுத்த முடிவிலும் என்ன வந்தாலும் அசையாமல் நிற்பதுதான் ஸ்டெட்ஃபாஸ்ட். விமானத்தில் சீட் பெல்ட்டை 'ஃபாஸன்' செய்யச் சொல்கிறார்களே, அதுவும் இதே வேர்தான், அதை நினைத்துக்கொண்டால் மறக்கவே மறக்காது. கஷ்டத்திலும் கைவிடாத நண்பர் ஸ்டெட்ஃபாஸ்ட் ஃபிரெண்ட். அப்புறம், இதற்குப் பதிலாக 'ஸ்டபர்ன்' போட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் பிடிவாதக்காரர் என்று குறை சொல்வது, இதுவோ மனதாரப் பாராட்டுவது. ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது இந்த வித்தியாசம் ரொம்பவே முக்கியம்.