பிரிண்டர் போகவில்லை, பிராசசர்தான் வேறு

அம்பாசமுத்திரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து அப்பளக் கம்பெனி அண்ணாச்சி ஒருத்தர் வந்தார். ஒரு பையில் மகள் பெங்களூரில் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப். இன்னொரு பையில் பத்து வருஷமாக லேபிள் அடித்துக் கொடுத்த லேசர் பிரிண்டர். "எல்லாம் நல்லா ஓடுது தம்பி, இந்தப் பிரிண்டரை மட்டும் ஏத்துக்க மாட்டேங்கு" என்றார். வேறொரு இடத்தில் பிரிண்டர் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. பிரிண்டரில் ஒரு குறையும் இல்லை.

முதலில் பிராசசரைப் பாருங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட். 'சிஸ்டம் டைப்' வரியில் ஆர்ம் (ARM) என்று இருந்தால் விஷயம் அங்கேதான். ஸ்னாப்டிராகன் லேப்டாப் எல்லாம் இந்த வகை. இன்டெல், ஏஎம்டிக்கு எழுதிய சாதாரண சாஃப்ட்வேரை விண்டோஸ் 11 உள்ளுக்குள் மாற்றி ஓட்டிவிடும். ஆனால் பிரிண்டரைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கிற டிரைவர் என்ற சாஃப்ட்வேரை அப்படி ஓட்டாது. அது ஆர்முக்கென்றே எழுதியதாக இருக்க வேண்டும். பழைய சிடியைத் திரும்பத் திரும்பப் போட்டு அரை நாளைத் தொலைக்காதீர்கள்.

அடுத்த சோதனைக்குக் கையில் இருக்கிற செல்போன் போதும். போன்களில் இருப்பதும் ஆர்ம் பிராசசர்தான். பிரிண்டர் கம்பெனியின் ஆப் எதுவும் போடாமல், ஒரே வைஃபையில் போனிலிருந்து பேப்பர் வந்துவிட்டால் லேப்டாப்பிலும் அநேகமாக வரும். யூஎஸ்பி வயரைக் கழற்றிவிட்டு, 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' போய் 'ஆட் டிவைஸ்' கொடுங்கள். நெட்வொர்க் வழியாக அச்சடிக்கிற பொது முறைக்கு ஐபிபி என்று பெயர்; அதற்கான மைக்ரோசாஃப்டின் பொதுவான டிரைவர் தானாகவே வந்துவிடும். பெட்டியில் மோப்ரியா அல்லது ஏர்பிரிண்ட் என்று (கம்பெனி டிரைவர் இல்லாமலே அச்சடிக்கலாம் என்பதற்கான அடையாளம்) போட்டிருந்தாலும் இதே வழிதான்.

யூஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டர் பிசிஎல்6 அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொதுவான பிரிண்டர் மொழிகளைப் புரிந்துகொள்ளும் என்றால், விண்டோஸோடு வருகிற பொதுவான 'கிளாஸ்' டிரைவரை நாமே தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அண்ணாச்சியின் பிரிண்டருக்கு அதுவும் புரியாது. பக்கம் முழுவதையும் கம்ப்யூட்டரே வரைந்து கொடுத்தால் வாங்கி அச்சடிக்கிற வகை. விலை குறைந்த பழைய லேசர்களில் பல இப்படித்தான்.

அவர் வீட்டுப் பரணில் பழைய இன்டெல் டெஸ்க்டாப் ஒன்று கிடந்தது. அதுதான் கைகொடுத்தது. அதில் விண்டோஸை வைத்தே பிரிண்டரை ஷேர் செய்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. வழக்கமான விண்டோஸ் ஷேரிங்கில் லேப்டாப்பும் அதே டிரைவரைக் கேட்கும்; மறுபடி அதே முட்டுச்சந்து. அதனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினேன். அந்த மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முன்னாலேயே பார்த்துக்கொண்டேன், நீங்களும் பாருங்கள். பிறகு பிரிண்ட் வேலைகளைக் கவனிக்கிற கப்ஸ் (CUPS) என்ற சாஃப்ட்வேரைப் போட்டு, பிரிண்டரைச் சேர்த்து, நெட்வொர்க்கில் ஷேர் செய்தேன். இனி லேப்டாப் பேசுவது கப்ஸிடம் மட்டும், அதுவும் ஐபிபியில். பிரிண்டருக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற வேலை டெஸ்க்டாப்போடு முடிந்துவிடும். தானாகத் தென்படாவிட்டால் டெஸ்க்டாப்பின் ஐபி முகவரி, 631 போர்ட், பிரிண்டர் பெயர் மூன்றையும் சேர்த்து லேப்டாப்பில் கொடுக்கலாம். கரண்ட் போய் வந்தால் ஐபி மாறிவிடக்கூடும். ரவுட்டரிலேயே அதை நிரந்தரமாக்கிவிடுங்கள்.

டெஸ்க்டாப்புக்குப் பதில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வாங்கலாம் என்று நினைப்பவர்கள் ஒரு நிமிஷம் பொறுங்கள். அதுவும் ஆர்ம்தான். இன்டெலுக்கு மட்டும் கம்பெனி கொடுத்த லினக்ஸ் டிரைவர் அதில் ஓடாது. ஆர்முக்கென்றே டிரைவர் இருந்தால், அல்லது ஆர்முக்கும் உருவாக்கிக்கொள்ளும்படி சோர்ஸ் கோடோடு (எழுதிய மூல நிரலோடு) கிடைக்கிற டிரைவர் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

முதல் லேபிள் ஷீட் வீணாகிவிட்டது. பொது டிரைவர் பக்கத்தைக் கொஞ்சம் சுருக்கியதில், மேல் வரிசை சரியாக விழுந்து கீழே போகப் போக எழுத்து வெட்டுக்கோட்டில் ஏறி உட்கார்ந்தது. பிரிண்ட் கொடுக்கும்போது 'ஆக்சுவல் சைஸ்' வைத்ததும் சரியானது. ஸ்டிக்கர் ஷீட் விலையை நினைத்து, அதற்குப் பிறகு வெறும் தாளில் ஒன்று அடித்தோம். அதை லேபிள் ஷீட்டோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அண்ணாச்சி ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். கடைசிக் கட்டம் வரைக்கும் பொருந்திய பிறகுதான் நிஜ ஷீட்டைப் போட்டோம்.