பள்ளிக்கரணை நீரில் விழுந்த கரும்புள்ளிகள்: என் அனுபவம்

2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விடியற்காலைக் காட்சியை நான் செப்புத் தகட்டில் எச்சிங் (கோடுகளை ரசாயனத்தால் அரித்து, அவற்றில் மை நிரப்பி அச்சிடும் முறை) செய்தபோது, கோரைகள் தெளிவாக விழுந்தாலும், வெறுமையாக இருக்க வேண்டிய நீர்ப்பரப்பில் கரும்புள்ளிகள் மண்டிவிட்டன. எண்ணெய்ப் பிசுக்கு நீங்காத இடங்களில் அரிப்பைத் தடுக்கும் மெழுகுப் பூச்சு பிடிக்காததால், ஃபெர்ரிக் குளோரைடு கரைசல் உள்ளே புகுந்து செம்பை அரித்திருந்தது.

புள்ளிகளைச் சுரண்டியால் மெல்லச் சீவி, ஒரு துளி எண்ணெய் விட்டு, வழவழப்பான எஃகு முனையால் அழுத்தித் தேய்த்தேன்; குழி விழுந்தால் அதில் மை தங்கி நீர் மறுபடியும் கலங்கித் தெரியும் என்பதால், சுற்றுப்பகுதியையும் சேர்த்துச் சரிவாகத் தேய்ப்பதே இதில் மிக முக்கியம். மூன்றாவது சோதனை அச்சில் நீர் தெளிந்தது. ஓரிடத்தில் எஞ்சிய மங்கிய சாம்பல் தடம் காலைப் பனியைப் போலவே இருந்ததால், அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம், கழுவிய தகட்டில் தண்ணீர் திட்டுத்திட்டாகப் பிரியாமல் ஒரே படலமாக ஓடுவதை, அதாவது பிசுக்கு நீங்கிவிட்டதைக் கண்ட பிறகே, அதை நன்கு உலர்த்திப் பூச்சிடுகிறேன்.