வண்ணம் குறைகளை மறைக்காது: மினியேச்சர் படைவீரர்களை ஒட்டும்போதும் தீட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ணம் பூசினால் எல்லாம் மறைந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இந்தக் கலைக்குப் புதிதாக வருபவர்களை அதிகம் ஏமாற்றுகிறது. வார்ஹாமர் 40,000 என்னும் மேசைப் போர் ஆட்டத்தின் ஸ்பேஸ் மரீன் வீரனுடைய தோள்கவசம் ஒரு விரல் நகம் அளவுதான் இருக்கும். அதன் குறுக்கே ஓடும் மெல்லிய அச்சுக்கோடு, வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் கண்ணில் படாது. வண்ணம் பிடிப்பதற்கான முதல் பூச்சாகிய பிரைமரை அடித்து, அடிவண்ணம் பூசி, மேடுகளில் வெளிர்நிறம் தடவத் தொடங்கியதும் அதே கோடு தழும்பு போல எழுந்து நிற்கும். அப்போது சுரண்டினால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். தீட்டும்போது தெரியவரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒட்டும்போதே செய்யப்பட்டவை. அதனால்தான் தூரிகையை விட வெட்டுவதையும் ஒட்டுவதையும் பற்றி இங்கே அதிகம் பேசுகிறேன்.

பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் விழுவதுதான் அச்சுக்கோடு. தலைக்கவசத்தின் உச்சி, துப்பாக்கிக் குழாய், கைகால்களின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் கட்டாயம் இருக்கும். விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள். நகத்தால் தடவியும் பாருங்கள். கத்தியின் கூர்முனையால் சீவப் போனால் கவசத்தில் பள்ளம் விழும். கத்தியின் முதுகைச் செங்குத்தாகப் பிடித்து மெதுவாகச் சுரண்டுவதே சரி. உறுப்புகள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றைக் கையால் திருகிப் பிய்ப்பதும் வேண்டாம். பிளாஸ்டிக் வெளுத்துக் கிழியும். கட்டரின் தட்டையான பக்கம் உறுப்பை நோக்கி இருக்கட்டும். முதல் வெட்டைச் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சமிருக்கும் முளையை இரண்டாம் வெட்டில் எடுங்கள். மழுங்கிய பிளேடை உடனே மாற்றிவிடுங்கள். அதிகம் அழுத்த வைப்பதும், வழுக்கி விரலைப் பதம்பார்ப்பதும் அதுதான்.

அடுத்தது பசை. எந்தப் பொருளுக்கு எந்தப் பசை என்று பார்க்காமல் வாங்குவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. இன்று வரும் பெரும்பாலான தொகுப்புகள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் சிமென்ட் என்னும் பசை அந்தப் பிளாஸ்டிக்கின் இரு முகங்களையும் கரைத்து ஒன்றாக இணைக்கிறது. காய்ந்த பிறகு மூட்டு என்று தனியாக எதுவும் இருக்காது. ஃபெவிக்விக் போன்ற சூப்பர் க்ளூ மேற்பரப்பில் மட்டும் பிடிக்கும், காய்ந்தால் நொறுங்கும் தன்மை கொண்டது. மேசையிலிருந்து விழுந்தால் அப்படி ஒட்டிய கை தனியாகத் தெறிக்கும். ஆனால் ரெசின் என்னும் வார்ப்புப் பிசினையும் உலோகத்தையும் பிளாஸ்டிக் சிமென்ட் கரைக்காது. அவற்றுக்குச் சூப்பர் க்ளூதான் வேண்டும். கனமான உலோக உறுப்புகளுக்கு அதுவும் போதாது. இரு பக்கமும் சிறு துளையிட்டு, உள்ளே கம்பித் துண்டு ஒன்றை வைத்து ஒட்டினால்தான் நிற்கும்.

தமியா நிறுவனத்தின் எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் தண்ணீர் போல ஓடக்கூடியது. இரு உறுப்புகளையும் சேர்த்துப் பிடித்து, மூடியிலிருக்கும் சிறு தூரிகையால் இணைப்பைத் தொட்டால் போதும், இடுக்கு வழியே தானாக உள்ளே பரவிவிடும். இதில் ஒரு ஆபத்து உண்டு. உங்கள் விரல் அந்த இணைப்பின் மேலேயே இருந்தால் சிமென்ட் விரலுக்கு அடியிலும் ஊர்ந்துவிடும். விரலை எடுக்கும்போது, இளகிய பிளாஸ்டிக்கில் உங்கள் கைரேகை வரி வரியாகப் பதிந்திருக்கும். பிறகு தேய்த்துச் சமன் செய்வதைத் தவிர வழியில்லை. இணைப்பிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். சூப்பர் க்ளூவை அளவுக்கு மீறி விட்டால் அதன் ஆவி சுற்றிலும் வெண்படலமாகப் படியும். கண்ணாடி போன்ற ஒளிபுகும் பாகங்களின் அருகே அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

ரெசின் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அதைத் தேய்க்கும்போது கிளம்பும் நுண்தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்தில் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள். அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்காகப் பூசப்பட்ட எண்ணெய்ப் பசை ரெசின் உறுப்புகளில் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவாவிட்டால் பசையும் பிடிக்காது, பிரைமரும் பிடிக்காது. வளைந்த வாள்களைச் சுடுநீரில் முக்கி நிமிர்த்தி, குளிர்ந்த நீரில் காட்டினால் அப்படியே நிற்கும்.

முழுவதும் ஒட்டிவிட்டுத் தீட்டுவதா, துண்டு துண்டாகத் தீட்டிப் பிறகு ஒட்டுவதா? மார்பை மறைக்கும் துப்பாக்கி, தேரில் அமர்ந்த ஓட்டுநர் போன்றவற்றைத் தனியே வைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்துத் தீட்டுவது வீண் வேலை என்பதே என் கருத்து. தூரிகை எட்டாத இடம் பெரும்பாலும் கண்ணுக்கும் எட்டாது. தனியே வைத்தவற்றில், பிறகு ஒட்டவேண்டிய முகங்களை ஒட்டும் களிமண்ணால் மூடிவிட்டுப் பிரைமர் அடியுங்கள். வண்ணத்தின் மேல் வைத்த சிமென்ட் அடியிலுள்ள பிளாஸ்டிக்கைச் சரியாகப் பற்றாது.

ஸ்ப்ரே பிரைமரை ஈரப்பதமான நாளில் அடிக்காதீர்கள். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இது பெரும் தலைவலி. கடும் வெயிலில் அடித்தாலோ, எட்டத்திலிருந்து அடித்தாலோ துளிகள் வழியிலேயே காய்ந்து, மேற்பரப்பு மணல்தாள் போலச் சொரசொரத்துப் போகும். குப்பியை நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, கையை ஓட்டிக்கொண்டே குறுகிய வீச்சுகளாக அடியுங்கள். மழைக்காலத்தில், தூரிகையால் பூசும் பிரைமரைக் கையில் வைத்திருப்பது நல்லது. நேரம் பிடிக்கும், ஆனால் வானிலையைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

வண்ணத்தைப் புட்டியிலிருந்து நேராகத் தொட்டுப் பூசுவதுதான் தீட்டுவதில் முதல் தவறு. கெட்டியான அக்ரிலிக் வண்ணம் கவசத்தின் நுண்ணிய செதுக்கல்களை நிரப்பி, கண்ணையும் வாயையும் மூடிவிடும். 'மெல்லியதாக இரண்டு பூச்சு' என்ற அறிவுரையைத் தன் காணொளிகள் வழியே பரப்பியவர் மினியேச்சர் ஓவியர் டங்கன் ரோட்ஸ். தட்டில் சிறிது நீர் சேர்த்துப் பாலின் பதத்துக்குக் கொண்டுவந்து, தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டுப் பூசுங்கள். முதல் பூச்சு திட்டுத் திட்டாகத் தெரியும். பதறி அங்கேயே மேலும் தடவினால் பாதி காய்ந்த வண்ணம் உரிந்து வரும். மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் இரண்டு பூச்சு போதாது. கறுப்புப் பிரைமர் மேல் மஞ்சள் பூசி மல்லுக்கட்டுவதை விட, இடையில் வெளிர்பழுப்பு ஒன்றைப் பூசிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வாஷ் என்னும் நீர்த்த கறுவண்ணம் பள்ளங்களில் இறங்கி நிழல் தரும். அதைப் பூசிவிட்டு அப்படியே விட்டால் தோள்கவசத்தின் அடியில் குட்டையாகத் தேங்கி, காய்ந்ததும் கறையாக நிற்கும். ஈரமாக இருக்கும்போதே வெறும் தூரிகையால் மிச்சத்தை உறிஞ்சுங்கள். வார்ஹாமரைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 2019-இல் அறிமுகப்படுத்திய, ஒரே பூச்சில் நிறமும் நிழலும் தரும் கான்ட்ராஸ்ட் வகை வண்ணங்களுக்கும் இதே கவனம் தேவை. அவற்றுக்கு வெளிர்நிறப் பிரைமரும் வேண்டும். உலோக வண்ணங்களைக் கழுவிய நீரில் மற்ற தூரிகைகளை நனைக்காதீர்கள். அதிலுள்ள மினுக்குத் துகள்கள் வீரனின் முகத்திலும் ஏறிவிடும்.

தூரிகையின் உலோகக் கழுத்துவரை வண்ணத்தில் முக்கினாலும், நீர்க் குவளையில் முனை கீழாக நிறுத்தி வைத்தாலும் முனை விரிந்துபோகும். முனையைக் கூர்மையாக்க நாக்கில் வைத்து இழுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. சில வண்ணங்களில் காட்மியம் என்னும் நச்சு உலோகம் உண்டு; முனையைக் கூர்மையாக்கத் துணியே போதும்.

ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும். பல நாள் உழைப்பை, வண்ணத்தைக் காக்க இறுதியில் அடிக்கும் வார்னிஷ் ஒரே நொடியில் வெண்புகையாக்கிவிடும். காரணம் பெரும்பாலும் அதே ஈரப்பதம்தான். தேவையற்ற பொம்மை ஒன்றில் அடித்துப் பார்க்காமல் நல்ல வீரன் மேல் அடிக்காதீர்கள்.

எல்லாம் கெட்டுவிட்டதென்று தோன்றினால் வண்ணத்தை முழுவதும் அகற்றிவிட்டு மறுபடி தொடங்கலாம். நகப்பூச்சு நீக்கியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலானவற்றில் உள்ள அசிட்டோன் பாலிஸ்டைரீனையே கரைத்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், அடுப்பு எதுவும் எரியாதபோது, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பிளாஸ்டிக் சேதமின்றி வெளிவரும். ரெசினாக இருந்தால் நீண்ட நேரம் ஊறவிடாமல், அடிக்கடி எடுத்துப் பாருங்கள்.