சென்னை – லண்டன்: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிடலாம்

சென்னையில் காலை 5:30-க்குப் புறப்பாடு, லண்டனில் பகல் 12:00-க்கு வருகை என்று டிக்கெட்டில் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். கழித்துப் பார்த்தால் ஆறரை மணி நேரம். முதன்முறை பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அப்பா அம்மா இதை நம்பி மாத்திரை வேளையைத் திட்டமிட்டால் சிரமம். உட்கார்ந்திருக்கப் போவது ஏறக்குறைய 11 மணி நேரம்.

படி 1: தூரம்

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைக்காதீர்கள். உலக உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் காஸ்பியன் கடல் மேலாகப் போகும். அதுதான் மிகக் குறுகிய வழி. கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து சென்னை மேல் வலது கிளிக் செய்தாலும் தூரத்தை அளக்கும் வசதி வரும். விடை சுமார் 8,200 கி.மீ.

படி 2: வேகத்தால் வகுத்தல்

பெரிய விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 8,200-ஐ 900-ஆல் வகுத்தால் 9 மணிக்குச் சற்று மேல். ஓடுபாதைவரை ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் முக்கால் மணி சேருங்கள். 10 மணி நேரம் ஆகிவிட்டது.

படி 3: காற்றும் வழியும்

புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று. அப்புறம், நாம் நூல் பிடித்த வழி உக்ரைன் மேலாகவும் போகிறது. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதிலிருந்து அந்த வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடியிருப்பதால் சுற்றித்தான் போக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு மணி நேரம் கூட்டினால், மொத்தம் 11.

படி 4: கடிகாரம்

நம் நேரப்படியே முதலில் கூட்டுங்கள். காலை 5:30-உடன் 11 மணி நேரம், மாலை 4:30. இப்போது லண்டன் நேரத்துக்கு மாற்றுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கோடைக்கால நேரம், நான்கரை மணி கழிக்க வேண்டும்: பகல் 12:00. மற்ற மாதங்களில் ஐந்தரை கழிக்க வேண்டும்: காலை 11:00. டிக்கெட்டில் இருந்த ஆறரை மணி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது, இல்லையா?

திரும்பி வரும்போது

அதே காற்று இப்போது பின்னாலிருந்து தள்ளும். 10 மணி நேரம் போதும். கோடையில் லண்டனில் பகல் 1:00-க்குக் கிளம்பினால் அங்கே இரவு 11:00 ஆகும்போது சென்னையில் இறங்குவீர்கள். நான்கரை மணி கூட்டினால் இங்கே அதிகாலை 3:30, அதுவும் மறுநாள். கார் எடுத்துக்கொண்டு அழைக்க வருபவரிடம் நேரத்தோடு தேதியையும் சொல்லிவிடுங்கள்.