ரெட்வுட் மர உச்சிக்கு ஏறப்போகிறீர்களா? பெரணி மெத்தையில் கால் வைக்காதீர்கள்

வடக்குக் கலிபோர்னியாவில் ஆய்வு அனுமதியோடு ஏற வந்த இரண்டு புதியவர்களைக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளை அப்படியே செய்தார்கள். தலைக்கவசம், முடிச்சு எல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள், அதை விடுங்கள்.

பெரணி மெத்தை

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எழுபது எண்பது மீட்டர் உயரத்தில், கிளைகள் பிரியும் இடத்தில் விழும் இலைதழை மக்கி மண்ணாகிறது. அதைப் பெரணியின் வேர் பிடித்துக்கொள்ள, சில இடங்களில் மெத்தை ஒரு மீட்டர் ஆழம்கூட இருக்கும். மேலேயே ஹக்கிள்பெரி புதர் முளைக்கும், அந்த ஈரத்தில் பல்லி மாதிரி இருக்கும், தவளை இனத்துக்கு உறவான சாலமாண்டர்கள் வாழும்.

கயிற்றில் தொங்கி ஏறிக் கால் கடுக்கும்போது இந்த மெத்தை கண்ணில் பட்டால், உட்காரத்தான் தோன்றும். இரண்டாவது முறை ஏறியபோது நானும் ஒரு காலைத்தான் ஊன்றினேன். பாய் அளவுக்கு ஒரு திட்டு வேரோடு பெயர்ந்து கீழே போனது, நல்லவேளை கீழே யாரும் இல்லை. அடுத்த வருடம் போனபோதும் அங்கே வெறும் பட்டைதான். அந்த மண் திரும்பச் சேர எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும்.

மிதித்தால் மட்டும்தான் கெடும் என்றும் இல்லை. ஏறும் கயிற்றைக் கிளைக்குமேல் போட முதலில் அம்பில் கட்டி எய்யும் தூண்டில் நரம்பு மெத்தைமேல் விழுந்தால், அதன் பின்னால் இழுக்கும் கயிறு ரம்பம் மாதிரி அறுத்துவிடும். அதனால் முதலில் பைனாகுலரில் பார்த்து வெறுங்கிளையாகத் தேர்ந்தெடுங்கள். தவறி விழுந்தால், அரை நாள் போனாலும் சரி, நரம்பை உருவிவிட்டு மறுபடி எய்யுங்கள். களைத்தால் இடுப்புப் பட்டையிலேயே தொங்கி இளைப்பாறுங்கள்.

இரும்பு முள் மாட்டிய பூட்ஸ்

வேண்டவே வேண்டாம்.

கூட்டுக் காலம்

மார்பிள்ட் மர்லெட் என்ற கடற்பறவை இந்தக் கிளைகளின் பாசியில் ஒரே ஒரு முட்டைதான் இடும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். அப்புறம், தின்பண்டத் துணுக்கு ஒன்றுகூடச் சிந்தக் கூடாது. அதைத் தேடி வரும் ஜே பறவையும் அண்டங்காக்கையும் அந்த முட்டையையும் தின்றுவிடும்.

இடத்தைச் சொல்வது

உலகிலேயே மிக உயரமான மரமான ஹைபீரியன் என்ற ரெட்வுட் 115 மீட்டருக்கும் மேல் உயரம். 2006-ல் கண்டுபிடித்தார்கள், இடம் இணையத்தில் கசிந்தது. வந்த கூட்டத்தின் காலடியில் அடியிலிருந்த பெரணிகள் அழிந்தன, மண் இறுகியது. ரெட்வுட்டுக்கு ஆணிவேர் கிடையாது, வேரெல்லாம் மேலாகத்தான் பரவியிருக்கும். 2022-ல் பூங்கா நிர்வாகம் அந்தப் பகுதியையே மூடிவிட்டது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். காட்டுக்குள் நுழையும் முன்பே போன் கேமராவில் லொகேஷனை அணைத்துவிடுங்கள்.