முதுகு மட்டும் உறைந்த மூன்று இரவுகள்

காரைக்குடியிலிருந்து டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தா மலைக்குப் போனோம். ஏறுவதற்கு முன் சாங்க்ரி ஊரருகே பனிமேல் கூடாரம் போட்டு நான்கு இரவு தங்கினோம். வெளியே மைனஸ் 6 டிகிரி. மார்புப் பக்கம் கதகதப்பு, இடுப்பும் தோளும் மட்டும் ஐஸ். முதல் மூன்று இரவும் தூக்கமே இல்லை.

முதல் இரவு இன்னும் இரண்டு ஸ்வெட்டர் மாட்டினேன். தூக்கப்பை (ஸ்லீப்பிங் பேக்) இறுகியதுதான் மிச்சம். மறுநாள் தலையையும் உள்ளே இழுத்து மூடினேன். மூச்சின் ஈரத்தில் பை நனைந்துவிட்டது. மூன்றாம் இரவு மேலே கம்பளி, பலனில்லை. கரியடுப்பை உள்ளே வைக்கலாம் என்றார் கூட வந்தவர். நான் விடவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

காலையில் போனில் அப்பத்தா கேட்டார்கள்: "கீழ என்னத்தப்பா விரிச்சுப் படுத்திருக்க?"

வெயில் காலத்தில் எங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல்லில் படுத்தால் உடம்புச் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். இங்கே பனி அதைச் செய்திருக்கிறது. என் காற்று மெத்தைக்குள் வெறும் காற்று. அது சூட்டைக் கீழே கடத்தும். தூக்கப்பையின் அடிப்பக்கப் பஞ்சோ உடல் எடையில் நசுங்கிவிடும், மேலே எத்தனை போர்த்தினாலும் அதற்கு உதவாது.

வாடகைக்கு இரண்டு ஃபோம் பாய் எடுத்தேன். மெத்தைக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று. மூக்கு வெளியே. விடியும்வரை தூங்கினேன், நிம்மதி!

கூடாரத்தைப் பிரித்தபோதுதான் பார்த்தேன்: முதல் மூன்று நாள் படுத்த இடத்தில் பனி உருகி, ஆள் வடிவத்தில் குழியாகி, மறுபடி உறைந்திருந்தது.